வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி

சென்ற மாதம் சுமதி போன் செய்தாள். என் கடைசிச் சில வருடங்களில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு அரசியல் அறிவியல் பாடத்தை அவள்தான் எடுக்கிறாள். இப்போது பள்ளிகளில் மாதிரி சட்டமன்றம் நடத்தச் சொல்லியிருக்கிறார்களாம். நன்றாக நடத்துகிற பள்ளிக்குக் கேடயமும் உண்டாம்.

"டீச்சர், யாரும் சொல்றதுக்கு முன்னாடியே நடத்துனவங்க நீங்கதான். உங்ககிட்ட ஸ்கிரிப்ட் இருக்குமே, யார் யார் என்ன பேசணும்னு? அத வாட்ஸ்அப்ல போட்டு விட்டீங்கன்னா போதும், பசங்கள மனப்பாடம் பண்ண வெச்சிடுவேன்."

என்னிடம் அப்படி எதுவும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. தர மனமில்லாமல் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். "சரிங்க டீச்சர், எப்டி நடத்துனீங்கன்னாவது எழுதிக் குடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதைத்தான் எழுதுகிறேன். கேடயம் வாங்க இது உதவாது.

எங்கள் பள்ளி திருவண்ணாமலையின் விளிம்பில் இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிற பிள்ளைகள்தான் ஜாஸ்தி. அதிலும் என் வகுப்புக்கு வருகிறவர்கள், பத்தாம் வகுப்பில் மார்க் கம்மியாக எடுத்து, அறிவியல் பிரிவும் வணிகவியலும் கிடைக்காமல் வந்து சேர்கிறவர்கள். "ஹிஸ்டரி குரூப்பா?" என்று சக ஆசிரியர்களே இழுத்துக் கேட்பார்கள். நானும் அப்படி ஒரு குரூப்பில் படித்து, எம்.ஏ., பி.எட். முடித்து, இரண்டு மூன்று ஊர்களில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள்தான். கல்லூரியில் படித்தபோது ஒருமுறை சென்னையில் சட்டமன்றப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காலை முழுக்கச் சத்தம். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது, கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் வரிசையாக மசோதாக்கள் நிறைவேறின. என் பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் மட்டும் ஒவ்வொரு 'ஆம்' சத்தத்துக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த நிமிடம் எங்கேயோ யாருக்கோ எதுவோ மாறிவிட்டது, அவருக்கு இன்னும் தெரியாது என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது.

பாடப்புத்தகத்தில் 'சட்டம் இயற்றும் முறை' என்பது ஒரு நெடுவினா. முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு. பிள்ளைகள் அதை அப்படியே ஒப்பிப்பார்கள். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், மூணு வாட்டியும் சத்தமாவா படிப்பாங்க? மூணு வாட்டி படிச்சா மனப்பாடம் ஆயிடும்னா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே பெஞ்சுகளை எதிரெதிராகத் திருப்பிப் போட்டேன்.

முதல் இரண்டு வருடம் கூத்துதான். எல்லோருக்கும் முதலமைச்சர் ஆக வேண்டும். எதிர்க்கட்சியில் உட்கார யாரும் தயாரில்லை. டிவியில் பார்த்ததை வைத்து மேசையைத் தட்டினார்கள். வெளிநடப்புதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. வெளிநடப்பு செய்தவர்கள் நேராகக் கேட்டுக்கு வெளியே போய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் விதிகள் போட்டேன். வெளிநடப்பு செய்கிறவர்கள் வராண்டா வெயிலில் நிற்க வேண்டும். யாரும் யாரையும் பார்த்து நேரடியாகப் பேசக்கூடாது, எல்லாப் பேச்சும் பேரவைத் தலைவர் வழியாகத்தான். மசோதாவை எழுதி, அவை கூடுவதற்கு முன்பே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். திருத்தம் கொண்டுவருகிறவர் "இது சரியில்லை" என்று புலம்பக்கூடாது. எந்தப் பிரிவில், எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எந்தச் சொல்லைப் போடுவது என்று எழுதித் தர வேண்டும். மசோதாவின் கடைசிப் பிரிவு, அது எப்போது நடைமுறைக்கு வரும் என்று சொல்லியாக வேண்டும். நாள் குறிக்காத சட்டம் தூங்கிக்கொண்டிருக்கும் என்று சொல்லித் தந்திருந்தேன். கடைசியாக எனக்கென்று ஒரு விதி: அவர்கள் எழுதுகிற மசோதாவில் என் பேனா படக்கூடாது.

பிறகு சூடு பிடித்தது. ஒரு வருடம் பௌர்ணமி நாளில் பஸ் கிடைக்காத பிரச்சினையை எடுத்துக்கொண்டார்கள். கிரிவலத்துக்குக் கூட்டம் வந்துவிட்டால் எங்கள் பிள்ளைகள் பாதி வழி நடந்துதான் வீட்டுக்குப் போவார்கள். மாணவர்களுக்குத் தனி பஸ் என்று ஒரு மசோதா. "தனி பஸ்னா காலேஜ் பசங்களும் ஏறலாமா?" என்ற கேள்வியில் ஒரு பீரியட் முழுக்கப் போயிற்று. 'மாணவர்' என்றால் யார் என்று வரையறை எழுதாமல் விட்டது தப்பு என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். நாற்பது மார்க் எடுக்கிற பையன் வரையறையைப் பற்றிச் சண்டை போட்டான். அந்த நாட்களில் பள்ளிக்குப் போக எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அப்போது எங்கள் தலைமை ஆசிரியர் கஜேந்திரன். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைக் கெட்டவர் என்று சொல்ல என்னிடம் ஓர் ஆதாரமும் கிடையாது. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். பள்ளியைச் சுற்றி நடந்து, கீழே கிடக்கிற காகிதத்தை எடுத்துத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்வார். பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளைக்குத் தன் கையிலிருந்து கொடுப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பேசினால் நாம் முன்னால் குனிந்துதான் கேட்க வேண்டியிருக்கும். எதையும் 'கூடாது' என்று சொல்லமாட்டார். "பாத்துக்கலாம்மா" என்பார். நாம் எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால், "வீட்ல சார் எப்டி இருக்காரு?" என்று கேட்பார். அதுதான் அடையாளம். அந்தக் கேள்வி வந்த பிறகு எதைச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

பள்ளிக் கழிப்பறை விஷயமாக அவரிடம் இரண்டு முறை போயிருக்கிறேன். துப்புரவுப் பணியாளர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளை வைத்தே கழுவினார்கள். வகுப்பாசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்படுகிற பெயர்கள் எப்போதும் காலனிப் பிள்ளைகளின் பெயர்கள்தான். ஊர்த் தெருப் பிள்ளைகளைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புவார்கள். யாரும் சாதியைச் சொன்னதில்லை. "நீ வா, நீ வா" என்று விரல் நீளும், அவ்வளவுதான். பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ விடக்கூடாது என்பது அரசு விதி என்று நான் சொன்னபோது, "ஆமாம்மா, தப்புதான். ஆள் கேட்டு எழுதியிருக்கேன். பாத்துக்கலாம்" என்றார். இரண்டாம் முறை போனபோது, வீட்டில் என் கணவரின் சர்க்கரை அளவைப் பற்றி விசாரித்தார்.

இந்த நிலையில்தான் அவரே என்னைக் கூப்பிட்டார். பள்ளித் தூய்மையைப் பார்வையிட அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்றார். "அம்மா, உங்க பசங்கள வெச்சு தூய்மை பத்தி ஒரு சட்டம் போடுங்களேன். வர்றவங்களுக்குக் காட்ட நல்லாயிருக்கும்." தலைப்பைக் கொடுத்தவர் அவர்தான். பிறகு நடந்த விசாரணையிலும் இதைச் சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை.

அந்த வருடப் பதினொன்றாம் வகுப்பில் முதலமைச்சராக அபிநயாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர், எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அதனால் வேறு யாரும் போட்டிக்கு நிற்கவில்லை. ஆனால் அவள் நல்ல பெண், கர்வம் கிடையாது. எதிர்க்கட்சித் தலைவர் சந்தியா. காலனியிலிருந்து வருகிறவள். அப்பா இல்லை. அம்மா டவுனில் ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தார். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் வேலை இருக்கும், மற்ற நாளில் கூப்பிட்டால்தான். சந்தியா அதிகம் பேசமாட்டாள். எதிர்க்கட்சியில் உட்கார ஆளில்லாமல் நான் சுற்றிப் பார்த்தபோது, கையைத் தூக்காமல், "நான் இருக்கேன் டீச்சர்" என்றாள். பேரவைத் தலைவர் லோகேஷ். லாரி டிரைவரின் மகன். மணி அடிக்கக் கிடைத்ததே அவனுக்குப் போதும்.

ஆளுங்கட்சி மசோதாவை எழுதிக்கொண்டு வந்தது. குப்பை போட்டால் அபராதம், மரத்தில் பெயர் செதுக்கினால் தண்டனை. நான்காவது பிரிவு இப்படி இருந்தது: 'கழிப்பறைகளைத் தூய்மை செய்யும் பணியை வகுப்பாசிரியர் குறிப்பிடும் மாணவர்கள் மேற்கொள்வர்.' எழுதிய பையன் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. நடப்பதை எழுதினான். கடைசிப் பிரிவில், இச்சட்டம் நிறைவேறிய நாள் முதல் நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருந்தார்கள். நான் பேனாவைத் திறக்கவில்லை.

மறுநாள் சந்தியா ஒரு திருத்தம் கொடுத்தாள். ஒரே வரி. நான்காவது பிரிவில் 'வகுப்பாசிரியர் குறிப்பிடும்' என்ற சொற்களை எடுத்துவிட்டு, 'வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி' என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ திருத்தங்களைப் பார்த்திருக்கிறேன். அதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. அதில் ஒரு குற்றச்சாட்டு இல்லை, ஒரு பெயர் இல்லை, சத்தம் இல்லை. படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன். "சொல்லுங்க டீச்சர், தப்பா எழுதியிருக்கேனா?" என்றாள். "சரியாத்தான் எழுதியிருக்க" என்றேன்.

அவை கூடியது. மூன்று பிரிவுகள் சுலபமாக நிறைவேறின. நான்காவது வந்ததும் லோகேஷ் திருத்தத்தைப் படிக்கச் சொன்னான். சந்தியா படித்தாள். அபிநயா எழுந்தாள்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, வகுப்பாசிரியர் குறிப்பிடுவதற்கும் வரிசைப்படி செய்வதற்கும் என்ன வேறுபாடு என்று எதிர்க்கட்சித் தலைவர் விளக்குவாரா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நான் சொல்லித் தந்திருந்தேன்.

"பேரவைத் தலைவர் அவர்களே," என்று ஆரம்பித்தாள் சந்தியா. பிறகு செந்தமிழ் அவளை விட்டுப் போய்விட்டது. "நான் ஆறாவதுலேர்ந்து இந்த ஸ்கூல்லதான் படிக்கிறேன். குறிப்பிடறவங்க பேரு எல்லாம் எனக்கு மனப்பாடம். வேணும்னா இப்பவே சொல்றேன். எல்லாரும் எங்க ஸ்டாப்பிங்ல பஸ் ஏறறவங்கதான். அதுக்கு முந்தின ஸ்டாப்பிங்ல ஏறறவங்க பேரு ஒண்ணுகூட வந்ததில்ல. ஏன்னு முதலமைச்சருக்குத் தெரியும்னா அவங்களே சொல்லட்டும்."

முந்தின ஸ்டாப்பிங் ஊர்த் தெரு. வகுப்பில் அது தெரியாதவர்கள் யாருமில்லை. லோகேஷ் மணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவையில் எனக்கு இடமில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள் அபிநயா. "தெரியும், ஆனா யோசிச்சதில்ல." பிறகு அவையில் இருப்பது ஞாபகம் வந்து, "இந்தத் திருத்தத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது, பேரவைத் தலைவர் அவர்களே" என்றாள்.

அரசே ஏற்றுக்கொண்ட பிறகு குரல் வாக்கெடுப்பு போதும். ஆனால் சந்தியா உட்காரவில்லை. "டிவிஷன் வேணும். யார் யார் ஒத்துக்கறாங்கன்னு எழுந்து நிக்கட்டும். நான் பாக்கணும்." அதைக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. நான் சொல்லித் தந்ததுதான். லோகேஷ் அறிவித்தான்: "ஏற்போர் எழுந்து நிற்க." ஆளுங்கட்சி முதலில் எழுந்தது. எதிர்க்கட்சியில் இருந்த ஊர்ப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு எழுந்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். பக்கத்து வகுப்பு எட்டிப் பார்க்கிற அளவுக்கு லோகேஷ் மணியை அடித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். கழிப்பறைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தேன். அபிநயா பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வாளியோடு நிற்கிறாள். பெண்கள் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. பட்டியலில் அடுத்தடுத்து இருந்த பெண்கள் ஆளுக்கொரு துடைப்பத்தோடு நிற்கிறார்கள். சந்தியாவின் முறை அன்றைக்கு இல்லை. அவள் வாசலில் நின்றுகொண்டு, "அப்டி இல்லடி, மொதல்ல தண்ணி ஊத்து. அப்புறம் பவுடர். ஐயோ, மேல தெறிக்குது பாரு" என்று சொல்லிக்கொடுக்கிறாள்.

"யாரு செய்யச் சொன்னது?" என்றேன்.

"சட்டம் டீச்சர்," என்றாள் அபிநயா. "நிறைவேறின நாள்லேர்ந்துன்னு போட்டிருக்கோமே. முதலமைச்சரே செய்யலன்னா எப்டி?"

நான் தடுக்கவில்லை. திரும்ப அந்த நாள் வந்தாலும் தடுக்க மாட்டேன். முப்பது வருட வேலையில் நான் கற்பித்த ஒன்று என் கண்ணெதிரே நடந்தது அந்த ஒருமுறைதான்.

அபிநயா வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை பிரேயர் முடிவதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார். தலைமை ஆசிரியர் அறையில் அவர் போட்ட சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. என்னைக் கூப்பிட்டார்கள்.

"எம் பொண்ணு கையில தொடப்பத்தக் குடுத்துட்டு நீங்க வேடிக்க பாத்துட்டு இருந்தீங்களா?"

"நான் குடுக்கலைங்க. அவங்களா செஞ்சது. வரிசைப்படி எல்லாரும் செய்யணும்னு..."

"எல்லாரும் எதுக்குச் செய்யணும்? இத்தன நாளா செஞ்சிட்டு இருந்தாங்க இல்ல? இப்ப மட்டும் என்ன வந்துது?"

கஜேந்திரன் சார் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "உக்காருங்க. நம்ம ஸ்கூலு. நம்மதான் பேசித் தீத்துக்கணும்." பிறகு என்னிடம் திரும்பி, எப்போதும்போல மெல்லிய குரலில், "அம்மா, வெளையாட்டுக்கு நிறைவேத்துனத நெசமாவே செய்ய விட்டுட்டீங்களே" என்றார்.

புகார் போயிற்று. ஆசிரியை ஒருவர் மாணவியைக் கழிப்பறை கழுவ வைத்தார் என்று புகார். நான் இரண்டு முறை எடுத்துச் சொன்ன அதே விதி, வருடக்கணக்காக அந்தப் பள்ளியில் யார் கண்ணிலும் படாத விதி, ஊர்த் தெருப் பெண் ஒருத்தி ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வாளியைத் தூக்கியதும் எழுந்து நின்றுவிட்டது. அது முதலில் கடித்தது என்னை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அமைதியான மனிதர், கையில் ஃபைல். பிள்ளைகளிடம் எழுதி வாங்கினார். அபிநயா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள்: 'டீச்சர் சொன்னாங்க, செஞ்சேன்.' எழுதிவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். பதினாறு வயது. வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். எழுந்து நின்று வாக்களித்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக அதையே எழுதினார்கள். லோகேஷ், தான் மணி மட்டும்தான் அடித்ததாக எழுதினான்.

சந்தியாவை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து கதவருகில் நின்றாள்.

"சார், நானும் கழுவியிருக்கேன். ஆறாவதுலேர்ந்து."

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "அதப் பத்தி யாராவது கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்காங்களாம்மா?"

"இல்ல சார்."

"நான் விசாரிக்க வந்தது இந்தக் கம்ப்ளெயிண்ட்ட. அது வந்தா அதப் பாக்கலாம்."

"இப்பவே எழுதித் தர்றேன் சார். ஒரு பேப்பர் குடுங்க."

மேசை மேல் வெள்ளைத் தாள் கட்டுக்கட்டாக இருந்தது. நான் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் கை அதைத் தொடுவதற்குள் கஜேந்திரன் சார் சொன்னார்: "கண்டிப்பா எழுதும்மா. எழுதறதுக்கு முன்னாடி நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வா. பெரியவங்களோட பேசிட்டுச் செய்வோம். ஒன் நல்லதுக்குத்தான்." அதிகாரி ஃபைலை மூடினார். நான் நீட்டிய தாள் என் கையிலேயே இருந்தது.

மறுநாள் அம்மா வந்தார். லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு, துவைத்த புடவை கட்டிக்கொண்டு. என்னை உள்ளே விடவில்லை. வெளியே வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் பள்ளிக்குத் துப்புரவுப் பணியாளர் போடுகிறார்கள். மாதச் சம்பளம். பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டாம். இனி எந்தப் பிள்ளையும் கழிப்பறை கழுவாது. அந்த வேலை அவருக்கு. அபிநயாவின் அப்பாவே சம்மதித்துவிட்டாராம். புகார் எதுவும் எழுதவில்லை.

அடுத்த வாரமே வேலையில் சேர்ந்தார். மூன்றாவது பீரியட், நான் கூட்டாட்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சந்தியாவின் அம்மா வாளியோடு கடந்து போனார். உள்ளே திரும்பி மகளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பின் பெஞ்சில் யாரோ மெதுவாக ஏதோ சொன்னார்கள். சந்தியா போர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பீரியட் முடியும்வரை இமைத்தாளா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் குடங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அவள் நின்றாள்.

"டீச்சர், நான் கேட்டது என்ன? வரிசைப்படின்னுதான கேட்டேன்?"

"ஆமாம்மா."

"எல்லாரும்னு கேட்டேன். எங்களுக்கு வேணாம், எங்கம்மாவுக்குக் குடுங்கன்னா கேட்டேன்?"

"நான் ஹெச்.எம். சார்கிட்டப் பேசறேன் சந்தியா."

"என்னன்னு பேசுவீங்க? எங்கம்மாவ வேலைய விட்டுத் தூக்குங்கன்னா?"

வழி முழுக்கப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் உதவவில்லை. அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்ந்தாள். அங்கே அரசியல் அறிவியல் கிடையாது. பன்னிரண்டாவது பரீட்சை எழுதினாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்கு வேனில் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். "வருந்துகிறேன்னு ஒரு வார்த்த சேத்துடுங்கம்மா, முடிஞ்சிடும்" என்று கஜேந்திரன் சார் இரண்டு நாள் கேட்டார். நான் சேர்க்கவில்லை. என் பணிப் பதிவேட்டில் கண்டனம் என்று ஒரு வரி ஏறியது. மாதிரி சட்டமன்றம் நிறுத்தப்பட்டது. நிறுத்தச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை. பெஞ்சுகளைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இழுத்து இழுத்துத் தரை பாழாகிறது என்று காரணம் சொன்னார்கள். தூய்மையைப் பார்வையிட வந்தவர்கள் எங்கள் பள்ளியை ரொம்பவே பாராட்டிவிட்டுப் போனார்கள். கஜேந்திரன் சார் நல்ல பெயரோடு ஓய்வு பெற்று, இப்போது தினமும் கிரிவலம் போகிறார் என்கிறார்கள்.

என் கடைசி வேலை நாளில் சால்வை போட்டார்கள், பேசினார்கள். என்னைச் சட்டமன்ற டீச்சர் என்று சொல்லி எல்லோரும் கை தட்டினார்கள். விழா முடிந்து, மாலையையும் பழத்தட்டையும் தூக்கிக்கொண்டு நான் ஆட்டோவுக்காகக் கேட்டை நோக்கி நடந்தேன். கழிப்பறைப் பக்கமிருந்து சந்தியாவின் அம்மா, "டீச்சர், நில்லுங்க" என்று கூப்பிட்டார். உடனே வரவில்லை. வாளியை வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, பிறகுதான் என்னைக் கும்பிட்டார்.

"ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன் டீச்சர். ஒங்களாலதான் எனக்கு இந்த வேல கெடச்சுது. மாசம் பொறந்தா சம்பளம். லாட்ஜ்ல இருந்திருந்தா கஷ்டந்தான்."

"சந்தியா எப்டி இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கா. கம்பெனிக்குப் போறா, வர்றா. பேச்சுதான் கம்மி."

"என் மேல கோவமா இருக்காளா?"

"ஒங்க மேல இல்ல டீச்சர்," என்றார். "எம் மேலதான்."

அடுத்த பீரியட் மணி அடித்தது. அது முடிந்து பிள்ளைகள் வெளியே வருவதற்குள் தரை காய வேண்டும் என்று சொல்லிவிட்டு, வேகமாகத் திரும்பிப் போனார்.